மறுநாள் காலையில் உங்களை எழுப்பிவிட்ட ஓர் எண்ணம் இருந்தால் சொல்லுங்கள்

பாலக்கோட்டான் | ஞாயிறு, இரவு 9:40

என் மச்சான் தினமும் காலை ஆறு மணிக்கு வாட்ஸாப்பில் ஒரு சூரிய உதயப் படம் அனுப்புகிறார். அதன் மேல் மஞ்சள் எழுத்தில் ஒரு பொன்மொழி. ஒன்றரை வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. அவர் நல்ல மனுஷர், குறை சொல்லவில்லை. ஆனால் அதில் ஒன்றுகூட என்னைப் பாயிலிருந்து எழுப்பியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது, நினைவிருக்கும். எங்கள் ஊரே நாற்று வாங்க ஓடியது. நான் பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்து, அப்பா பேச்சைக் கேட்காமல், ஒன்றரை ஏக்கரில் நட்டேன். குச்சி, கயிறு, சொட்டுநீர்க் குழாய், மருந்து எல்லாமே கடன். எழுபது நாளில் காய் வந்தது. எனக்கு வந்த அதே வாரம் ஊருக்கே வந்தது. செப்டம்பரில் மண்டியில் ஒரு கிரேடு பெட்டிக்குக் கிடைத்த காசில் பறிகூலியும் வண்டி வாடகையும் கமிஷனும் போக, டீக்குத்தான் மிச்சம். கடைசி இரண்டு பறிப்பைச் செடியிலேயே விட்டுவிட்டேன். மாடு மேய்ந்தது.

அப்புறம் வந்த போகங்கள் சுமார். கடன் பாதி அடைந்துவிட்டது. ஆனால் மனசு மட்டும் அந்த செப்டம்பரை விட்டு நகரவில்லை. விடியற்காலை விழிப்பு வந்ததும் அந்தச் சிவப்புக் குவியல்தான் கண்ணில் நிற்கிறது. எழுந்திருக்க எட்டு மணி ஆகிறது. விவசாயம் செய்கிறவன் எட்டு மணிக்கு எழுந்தால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

அதனால் கேட்கிறேன். பொன்மொழி வேண்டாம். எந்த எண்ணம் உங்கள் பார்வையைத் திருப்பியது, மறுநாள் காலையில் நீங்கள் என்ன செய்தீர்கள், இரண்டையும் எழுதுங்கள். இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவதும் வேண்டாம்.

ஓசூர் நைட் ஷிஃப்ட் | ஞாயிறு, இரவு 11:15

நல்ல நிபந்தனை. முதல் ஆளாக நான் வருகிறேன்.

எபிக்டீட்டஸ் என்று ஒரு பழைய தத்துவ ஞானி. ரோமாபுரியில் அடிமையாக இருந்தவர், கால் ஊனம். அவர் பாடத்தின் முதல் வரியே ஒரு கணக்குப் பிரிப்புதான். நம் கையில் இருப்பவை எவை, இல்லாதவை எவை? நம் எண்ணம், விருப்பு, வெறுப்பு, முயற்சி எல்லாம் நம் கணக்கு. உடம்பு, சொத்து, பேர், பதவி எல்லாம் வெளிக்கணக்கு. வெளிக்கணக்கை நம் கணக்கில் எழுதிக்கொள்வதால்தான் இத்தனை புலம்பல் என்கிறார். பிற்பாடு மார்கஸ் அரேலியஸ் என்ற ரோமானியச் சக்கரவர்த்தியே இவர் பாடத்தைப் படித்துத் தேறியிருக்கிறார். அடிமை எழுப்பிய கேள்விக்கு அரசன் உட்கார்ந்து பதில் தேடியது எனக்குப் பிடித்த விஷயம்.

நான் ஒரு தொழிற்சாலையில் ஏழு வருடம் காண்ட்ராக்டில் இருந்தேன். ஒவ்வொரு மார்ச்சிலும் நிரந்தரம் ஆகும் என்பார்கள். சூப்பர்வைசர் சிரித்தால் அன்று எனக்குப் பசிக்கும், முறைத்தால் சாப்பாடு இறங்காது. இதைப் படித்த இரவு என் கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். நிரந்தரம் என் கையில் இல்லை. இயந்திரம் என் கையில் இருக்கிறது. மறுநாள், ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், இயந்திரத்தைக் கணினி வழியாக ஓட்டும் சிஎன்சி புரோகிராம் எழுதத் தெரிந்த ஒரு அண்ணன் பக்கத்தில் போய் நின்றேன். தினமும் முக்கால் மணி நேரம், எட்டு மாதம். இப்போது வேறு கம்பெனி. இன்னும் நைட் ஷிஃப்ட்தான், ஆனால் யார் முகத்தையும் பார்த்துச் சாப்பிடுவதில்லை.

எதிர்க்கட்சி | திங்கள், காலை 7:02

ஷிஃப்ட் தம்பி, கோபித்துக்கொள்ளாதே. அடிமைக்கு அந்தத் தத்துவத்தால் என்ன கிடைத்ததோ தெரியாது, அடிமையின் முதலாளிக்கு ரொம்ப வசதி. "உடம்பு உன் கணக்கு இல்லை" என்று அடிமையே சொல்லிக்கொண்டால் சாட்டைக்கு வேலை குறைவு.

பாலக்கோட்டான் விஷயத்தையே எடுத்துக்கொள். விலை அவன் கையில் இல்லை, சரி. அப்போது யார் கையில் இருக்கிறது? ஜூலையில் நூறு, செப்டம்பரில் டீக்காசு என்றால் அது இடி மின்னல் போலத் தானாக விழுந்ததா? எத்தனை ஏக்கரில் நடுகிறார்கள் என்று நாற்றுப் பருவத்திலேயே யாராவது எண்ணிச் சொல்லியிருந்தால்? பத்து நாள் வைத்து விற்கக் குளிர்பதனக் கிடங்கு கிட்டத்தில் இருந்திருந்தால்? இதையெல்லாம் கேட்க வேண்டியவனை உட்கார வைத்து, "உன் மனசை மாற்றிக்கொள்" என்பது எனக்கு ஒப்பவில்லை.

எனக்கு எந்தத் தத்துவமும் இல்லை. மனு எழுதுகிறேன். இதுவரை நாற்பது. அதில் மூன்றுக்கு வேலை நடந்தது. ஒன்று எங்கள் தெருவின் சாக்கடை.

ஓசூர் நைட் ஷிஃப்ட் | திங்கள், காலை 7:30

மூன்றாவது மனுவோடு நிறுத்தாமல் நாற்பது வரை போனீர்களே, அதற்குப் பேர் என்ன அண்ணா?

எதிர்க்கட்சி | திங்கள், காலை 7:34

பிடிவாதம். போய்த் தூங்கு.

வெற்றிப்படிகள் | திங்கள், காலை 8:00

(இந்தப் பதிவை நெறியாளர் நீக்கிவிட்டார். காரணம்: சூரிய உதயப் படம்.)

பென்னாகரம் டீச்சர் | திங்கள், மாலை 5:50

இரண்டு பேர் சொல்வதும் எனக்குப் புரிகிறது. ஏனென்றால் இரண்டும் என் வாய்க்குள்ளேயே நடந்திருக்கிறது. கொஞ்சம் நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது பென்னாகரம் பக்கம் ஒரு சிற்றூர். எனக்குப் பல் முழுக்கக் காவி. முன்பல் இரண்டிலும் வரி வரியாகப் பழுப்பு. சின்ன வயதில் செங்கல் பொடி, அடுப்புச் சாம்பல், உப்பு, கரித்தூள் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஈறுதான் கிழிந்தது. பல் துலக்காத பெண் என்று பேர். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நான் சிரிக்காததை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள், அது ஒரு லாபம். பேசும்போது கையால் வாயை மூடுவது எனக்குச் சேலை முந்தானையைச் சரிசெய்வதுபோல ஆகிவிட்டது.

ஆசிரியர் பயிற்சியின்போது ஒரு பல் மருத்துவ முகாம் நடந்தது. அங்கே வந்த டாக்டரம்மா என் பல்லைப் பார்த்து, "எந்த ஊர் தண்ணி குடிச்சு வளர்ந்தீங்க?" என்று கேட்டார். பல் துலக்குவீர்களா என்று கேட்கவில்லை, தண்ணீரைக் கேட்டார். அந்தக் கேள்வியில்தான் என் பார்வை திரும்பியது.

அவர் சொன்னது இதுதான். நம் பக்கத்துப் பாறையில் ஃப்ளோரைடு இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப் போக அது தண்ணீரில் கரைந்து வருகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு மேல் போனால், குழந்தைக்கு ஈறுக்குள் பல் உருவாகும்போதே அதைக் கெடுத்துவிடும். ரொம்ப வருடம் குடித்தால் எலும்பையும் பிடிக்கும். என் பல் வெளியே தெரியும் முன்பே கறைபட்டுவிட்டது. செங்கல் பொடியால் தேய்த்தது எல்லாம், பல் முளைக்கும் முன்பே முடிந்துபோன ஒரு விஷயத்தோடு போட்ட சண்டை.

அன்று இரவு அழுதேன். அப்புறம் ஒரு பெரிய நிம்மதி. குற்றம் என் மேல் இல்லை. எங்கள் பாட்டி முதுகு வளைந்து, முழங்கால் மடக்க முடியாமல் கிடந்ததைப் போன பிறவி வினை என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போனார். அவர் மேலும் குற்றம் இல்லை.

நிபந்தனைப்படி, மறுநாள் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் வேலை கிடைத்து முதல் நாள் வகுப்புக்குள் போனபோது நாற்பது பிள்ளைகளில் பாதிப் பேர் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார்கள். நான் கையை எடுத்துவிட்டு நன்றாகப் பல் தெரியச் சிரித்தேன். "இது அழுக்கு இல்லை, தண்ணீர்" என்று கரும்பலகையில் எழுதினேன். அன்றிலிருந்து நான் வாயை மூடியதில்லை.

2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறந்தார்கள். ஜப்பான் கடனுதவியில், தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர். எதிர்க்கட்சி சார், அது யாரோ மனசை மாற்றிக்கொண்டதால் வந்ததில்லை. கேட்டுக் கேட்டு, எழுதி எழுதி வந்தது. அதில் உங்கள் பக்கம்தான் நான். இப்போது ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைகள் பல்லைப் பார்க்கிறேன். எல்லோருக்கும் வெள்ளை என்று சொல்ல மாட்டேன், குழாய் வராத நாளில் போர்வெல் தண்ணீர் பிடிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் வாயை மூடிச் சிரிக்கும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள்.

என் பல் மட்டும் அப்படியே இருக்கிறது. எந்தத் திட்டம் வந்தாலும் அது மாறாது. அந்த இடத்தில் ஷிஃப்ட் தம்பி சொன்ன அடிமைக் கிழவர் எனக்கு வேண்டியிருக்கிறார்.

எதிர்க்கட்சி | திங்கள், இரவு 8:20

டீச்சர், நான் எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் இன்றைக்கு இதற்கு மேல் பேச மாட்டேன்.

பதினாலு சக்கரம் | செவ்வாய், அதிகாலை 3:10

கிருஷ்ணகிரி டோல் தாண்டி டீக்கடையில் நிற்கிறேன். படித்தவர்கள் பேசுகிற இடம், இருந்தாலும் ஒன்று.

எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த குரு சொன்னது: "எந்த கியரில் மேடு ஏறுவியோ அதே கியரில் இறங்கு." எல்லா லாரிக்காரனுக்கும் தெரிந்த பாடம்தான். ஆனாலும் தொப்பூர் கணவாயில் எத்தனை வண்டி கவிழ்கிறது, பேப்பரில் பார்க்கிறீர்கள். ஏறும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறோம், எஞ்சின் கத்துகிறதே. இறங்கும்போது சத்தம் இல்லை. டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று நியூட்ரலில் விடுவான். அப்புறம் முழுப் பாரமும் பிரேக் மேல். நாலு வளைவு மிதித்ததும் பிரேக் சூடேறிப் பிடிக்காது.

எனக்கு ஒரு வருடம் நல்ல ஓட்டம். இரண்டாவது வண்டி எடுத்தேன். அடுத்த வருடம் லோடு குறைந்தது. குறைந்தபோது நான் நியூட்ரலில் போட்டேன். அதாவது கணக்குப் பார்க்கவில்லை, போனை எடுக்கவில்லை, தண்ணி அடித்தேன். தானாக உருண்டது. ஒருநாள் ராத்திரி தொப்பூரில் மூன்றாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தபோது குரு சொன்னது ஞாபகம் வந்தது. வண்டியை மட்டும் ஒழுங்காக இறக்குகிறேன், வீட்டை நியூட்ரலில் விட்டிருக்கிறேனே என்று.

மறுநாள் பைனான்ஸ்காரருக்கு நானே போன் செய்து, ஒரு வண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். அவமானம்தான். மெதுவாக இறங்கினேன். இப்போது ஒரே வண்டி, சொந்த வண்டி.

தக்காளித் தம்பி, ஏறின கதை எழுதியிருக்கிறாய். இறங்கும்போது எந்த கியர் என்று பார்.

பாலக்கோட்டான் | செவ்வாய், காலை 6:05

அண்ணா, காலையில் இதைத்தான் முதலில் படித்தேன். மச்சானுடைய படம் இன்னும் வரவில்லை.

நெல்லிக்காய் | செவ்வாய், காலை 10:30

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். தகடூர்க்காரனாக, அதாவது தர்மபுரிக்காரனாக இருந்துகொண்டு, இங்கே ஆண்ட அதியமானைச் சொல்லாவிட்டால் சோறு செரிக்காது.

நெல்லிக்கனிக் கதை எல்லோருக்கும் தெரியும். நீண்ட ஆயுள் தரும் கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான். பள்ளியில் இதை வள்ளன்மை என்று நடத்துவோம், பரீட்சைக்கு அது போதும். ஆனால் புறநானூற்றில் ஔவை குறிப்பாகப் பாராட்டுவது வேறொன்றை. அந்தக் கனியின் பலனை வெளியே சொல்லாமல் தன் மனத்துக்குள் அடக்கிக்கொண்டு கொடுத்தாய் என்கிறாள். சொல்லியிருந்தால் அவள் வாங்கியிருக்க மாட்டாளோ என்னவோ. அப்புறம் அதியமான் போரில் மாண்டான், தகடூரைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை வென்றான். ஔவை இருந்து அவனுக்கு இரங்கல் பாடினாள். கனி வேலை செய்ததா என்று கேட்டால், இரண்டாயிரம் வருடம் கழித்து அவன் பேரை நாம் இங்கே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம்.

அது கிடக்கட்டும். பாலக்கோட்டுத் தம்பிக்கு நான் சொல்ல வந்தது வள்ளுவர். ஊழைவிட வலிமையானது எது என்று 380-ஆம் குறளில் கேட்டவர், 620-ல் தளராமல் முயல்பவர் அந்த ஊழையே புறமுதுகு காட்ட வைப்பார் என்கிறார். மாணவர்கள் "ஐயா, எது சரி?" என்று கேட்பார்கள். முப்பது வருடம் மழுப்பினேன். இப்போது தோன்றுவது, நடுவில் இருக்கும் 619-ஐப் பாருங்கள் என்பதுதான். தெய்வத்தால் ஆகாவிட்டாலும் முயற்சி மெய்வருத்தக் கூலி தரும். கூலி என்கிறார், தம்பி. லாபம் என்று சொல்லவில்லை, வெற்றி என்றும் சொல்லவில்லை. உடம்பு வருந்திய அளவுக்குக் கூலி. இந்த ஒரு சொல்லுக்காகவே அவர் காலில் விழலாம்.

இதைப் புரிந்துகொண்ட மறுநாள், என்ன விளையும் என்று கணக்குப் பார்க்காமல் எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறு பேரைத் திண்ணையில் உட்கார வைத்து எழுத்துப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தேன். இப்போது நாலு பேர் வருகிறார்கள். இரண்டு பேர் கிரிக்கெட்.

எதிர்க்கட்சி | செவ்வாய், காலை 11:10

ஐயா, வணக்கம். கேட்காமல் இருக்க முடியவில்லை. செப்டம்பரில் அவனுக்குப் பறிகூலியே தேறவில்லையே? மெய் வருந்தியது, கூலி எங்கே?

நெல்லிக்காய் | செவ்வாய், காலை 11:45

இதற்கு என்னிடம் பதில் இல்லை. வகுப்பில் இப்படி ஒருவன் எழுந்திருந்தால் மணி அடித்துவிட்டது என்று சொல்லிப் போயிருப்பேன்.

ஓசூர் நைட் ஷிஃப்ட் | செவ்வாய், மதியம் 3:20

தூங்கி எழுந்து பார்த்தால் இழை எங்கேயோ போயிருக்கிறது. எதிர்க்கட்சி அண்ணா ஐயாவிடம் கேட்ட கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை, ஆனால் பக்கத்தில் வரும் ஒன்று உண்டு. எபிக்டீட்டஸ் சேர்ந்திருந்த அதே தத்துவப் பள்ளியின் பழைய உவமை, அவருக்கு முன்பே சிசெரோ என்ற ரோமானியர் எழுதிவைத்திருக்கிறார். வில்லாளியின் வேலை, குறி பார்த்து அம்பை ஒழுங்காக விடுவது வரைதான். விட்ட பிறகு காற்று அடிக்கலாம், மான் நகரலாம். அதற்காக அந்தப் பள்ளிக்காரர்கள் "எல்லாம் விதி, சும்மா கிட" என்று சொல்லவே இல்லை. குறி பார்க்காமல் விட்டவன் காற்றைக் குறை சொல்ல முடியாது. ஆக, எதிர்க்கட்சி அண்ணா, மனு எழுதுவதும் அம்புதான்.

பாலக்கோட்டானிடம் கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. ஜூலையில் நீ குறி பார்த்தாயா? இல்லை, ஊரே விட்டது என்று நீயும் விட்டாயா?

மாந்தோப்பு அக்கா | செவ்வாய், இரவு 7:15

போச்சம்பள்ளிப் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு. அல்போன்சா ஒரு வருடம் காய்த்தால் மறுவருடம் சும்மா நிற்கும். நீலம், பெங்களூரா அப்படி இல்லை, ஓரளவு வருடா வருடம் காய்க்கும். சும்மா நிற்கிற வருடம் மரத்தை யாரும் வெட்டுவதில்லை. கவாத்து செய்து, எரு வைத்து, தண்ணீர் விடுகிறோம். என் மூத்த பையன் ஒரு வருடம் பரீட்சை எழுதாமல் வீட்டில் படுத்திருந்தான். அவனை அல்போன்சா என்று கூப்பிட்டேன். கோபம் வந்து எழுந்துவிட்டான். இதைத் தத்துவம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது திட்டு என்று.

பர்கூர் பையன் | செவ்வாய், இரவு 9:00

எனக்கு உதவுவது மயிலாடும்பாறை. நம் கிருஷ்ணகிரி மாவட்டம்தான். அங்கே கிடைத்த இரும்பு கிமு 2172 காலத்தது என்று 2022-ல் அறிவித்தார்கள். நாலாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் இந்த மண்ணில் ஒருவன் உலைக்கு முன்னால் வேர்த்து ஒழுகி நின்றிருக்கிறான். அவனுக்கும் ஏதோ ஒரு கவலை இருந்திருக்கும். அது என்னவென்று இன்று யாருக்கும் தெரியாது. என் கவலையும் அப்படித்தான் ஆகும் என்று நினைத்தால் இலேசாகிறது.

எதிர்க்கட்சி | செவ்வாய், இரவு 9:04

அவனுக்கு மாதத் தவணை இல்லை.

பர்கூர் பையன் | செவ்வாய், இரவு 9:05

நியாயம்.

பாலக்கோட்டான் | புதன், இரவு 8:40

எல்லோருக்கும் வணக்கம். நான் போட்ட நிபந்தனை எனக்கும் பொருந்தும் இல்லையா, அதனால் இன்றைய கணக்கு.

ஷிஃப்ட் தோழரின் கேள்வி நேற்று இரவு முழுக்கக் குத்தியது. குறி பார்க்கவில்லை. ஊரே விட்டது, நானும் விட்டேன். டீச்சர் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் வாயைத் திறந்து தன் பல்லைக் காட்டினார். இத்தனை வருடமாகப் பீடியால் வந்த கறை என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன். பீடியும் உண்டு, சரி. ஆனால் அந்த வரி வரியான பழுப்பு பீடி இல்லை.

காலை ஐந்தரைக்கு எழுந்தேன். எந்த எண்ணத்தால் என்று கேட்டால் தெரியாது. நோட்டை எடுத்து அந்த செப்டம்பர் கணக்கை முதல்முறையாக முழுசாக எழுதினேன். இதுவரை கூட்டிப் பார்க்கவே இல்லை, பயம். கூட்டினால் நான் மனசில் வைத்திருந்ததைவிடப் பதினெட்டாயிரம் குறைவு. நஷ்டம் நஷ்டம்தான், ஆனால் இப்போது அதற்கு ஓர் எண் இருக்கிறது. அதில் "கையில் இருந்தது, இல்லாதது" என்று கோடு போட்டுப் பிரித்தேன். மருந்துக்கடைக்காரர் பேச்சைக் கேட்டு இரண்டு தரம் கூடுதலாக அடித்தது என் பக்கம் விழுந்தது. விலை அந்தப் பக்கம்.

எட்டு மணிக்குப் பக்கத்து நிலத்துக்காரர்கள் ஐந்து பேரிடம் போனேன். அடுத்த நடவை ஆளுக்குப் பதினைந்து நாள் இடைவெளி விட்டு நடலாமா என்று கேட்டேன். இரண்டு பேர் சரி என்றார்கள். ஒருவர் சிரித்தார். ஒருவர் "முதலில் நடப்போவது யாரு?" என்று கேட்டார், நியாயமான சந்தேகம். ஐந்தாமவர் என் மச்சானின் சித்தப்பா, அவர் எனக்கு ஒரு சூரிய உதயப் படத்தை அனுப்பினார்.

எதிர்க்கட்சி அண்ணா, குளிர்பதனக் கிடங்கு பற்றி மனு எழுத வேண்டும். நீங்கள் எழுதித் தாருங்கள், கையெழுத்து நான் வாங்குகிறேன்.

எதிர்க்கட்சி | புதன், இரவு 8:52

நாற்பத்தொன்று. சர்வே எண், ஏக்கர் கணக்கு, எத்தனை குடும்பம், இவற்றை அனுப்பு. அடைமொழி எதுவும் வேண்டாம்.

பதினாலு சக்கரம் | புதன், இரவு 11:30

சேலம் பக்கம் லோடு இருந்தால் சொல் தம்பி. வெள்ளிக்கிழமை காலியாகத் திரும்புகிறேன்.

பாலக்கோட்டான் | வியாழன், காலை 5:41

நாற்பது கிரேடு இருக்கும் அண்ணா. வாடகை என்ன?

பதினாலு சக்கரம் | வியாழன், காலை 5:44

நேரில் பேசலாம். குச்சி கட்டின கயிறு மிச்சம் இருந்தால் எடுத்து வை, தார்ப்பாய் கட்ட வேண்டும். கணவாயில் காற்று ஜாஸ்தி.